தாயம் விழும் கணக்கு

நம்முடைய உயர்நிலைப் பள்ளிகளின் கணக்குப் புத்தகங்களில், பெரும்பாலும் கடைசி அத்தியாயமாக, நிகழ்தகவு என்றொரு பாடம் வைக்கப்பட்டிருக்கிறது. பரீட்சை நெருங்குகிற சமயத்தில், எஞ்சி நிற்பதை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்ற ஒரே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, நாணயம், பகடை, சீட்டுக்கட்டு ஆகியவற்றைப் பற்றிச் சில கணக்குகளைப் போட்டுக் காட்டி, ஆசிரியர்கள் அந்தப் பாடத்தை நிறைவேற்றி விடுகிறார்கள். மாணவர்களும் அதில் குறைவில்லாமல் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆயினும் அப்படி மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவனை அருகே அழைத்து, ஒரு நாணயத்தை ஐந்து தடவை சுண்டியதில் ஐந்து தடவையும் தலையே விழுந்தது, ஆறாவது தடவை என்ன விழும் என்று கேட்டுப் பாருங்கள். "இனிமேல் பூ விழுந்தே ஆகணும் சார்" என்று சற்றும் தயங்காமல் சொல்லுவான். பரீட்சைத் தாளில் தலைக்கும் பூவுக்கும் தலா 1/2 என்று பிழையில்லாமல் எழுதியவனும் அவனேதான்.

இந்த முரண்பாட்டுக்காக அந்தப் பிள்ளையைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. கூட்டலும் பெருக்கலும் போலத் திட்டவட்டமான விடையுள்ள கணக்குகளிலேயே எட்டு வருஷம் பழகிய புத்தியின் முன், ஒரு தடவை என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாததும், ஆயிரம் தடவையில் என்ன நடக்கும் என்று ஓரளவு நிச்சயமாகவே சொல்லக்கூடியதுமான ஒரு விசித்திர வஸ்துவைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு ஒரு சூத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், சூத்திரம் நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிடும். பழைய நம்பிக்கை மனசில் இருந்த இடத்திலேயே இருக்கும். தற்செயல் என்ற எண்ணம் குழந்தைகளின் அறிவில் எவ்வாறு படிப்படியாக உருவாகிறது என்பதை ஆராய்ந்து ஜீன் பியாஜேயும் பார்பல் இன்ஹெல்டரும் 1951-இல் ஒரு நூலே எழுதினார்கள். 1975-இல் அதே விஷயத்தைப் பற்றி நூல் எழுதிய எஃப்ரைம் ஃபிஷ்பைன், பள்ளிக்கூடம் எப்பொழுதும் நிச்சயமானவற்றையே போதித்து வருவதனால் பிள்ளைகளிடம் இயற்கையாக உள்ள இந்த உணர்வு வளராமற் போகிறது என்றும், அனுபவத்தின் மூலமே அதைத் திருத்தி வளர்க்க முடியும் என்றும் வாதித்தார். ஆகையால் இந்தப் பாடத்தை ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிலும், காயை உருட்டுவதற்கு முன்னால் மாணவன் தன் ஊகத்தைத் தன் கைப்பட எழுதி வைத்துவிட்டு, பிறகு உருட்டி, விழுந்ததை வரிசையாகக் குறித்து, ஊகமும் விளைவும் ஒன்றோடொன்று மோதுகிற அந்த இடத்திலேதான் கணக்கை அறிமுகம் செய்ய வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

எந்த ஆட்டம் என்பது அடுத்த கேள்வி. பாடப் புத்தகங்கள் சீட்டுக்கட்டை மிகவும் விரும்புகின்றன. ஆனால் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் சீட்டுக்கட்டைப் பிள்ளைகள் தொடுவதற்கு அனுமதி இல்லை. பெண் குழந்தைகளுக்கோ சொல்லவே வேண்டாம். ஹார்ட்டின் எத்தனை, ஸ்பேடு எத்தனை, முக அட்டைகள் எத்தனை என்பதையெல்லாம், ஒரு சீட்டையும் கையில் எடுத்துப் பார்க்காமலே மனப்பாடம் செய்கிற ஒரு மாணவிக்கு, அந்தக் கணக்கு ஞாபகசக்திக்குப் பரீட்சையாகிறதே தவிர வேறு எதுவும் ஆவதில்லை. ஆறு முகப் பகடை இதைவிட மேல்; என்றாலும் அதில் ஒவ்வொரு முகமும் சமமாகவே விழுவதனால், மாணவன் வியப்படைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பரண்களில் தூசி படிந்து கிடக்கிற தாயக்கட்டையில் வியப்புக்கு இடம் இருக்கிறது.

தாயக்கட்டையைப் பார்த்தறியாத இளைய வாசகர்களுக்காகச் சிறிது விவரித்துச் சொல்கிறேன். விரல் நீளத்தில், பெரும்பாலும் பித்தளையால் ஆன, நான்கு பட்டையுள்ள இரண்டு கட்டைகள் சேர்ந்தது ஒரு ஜோடி. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பட்டையில் ஒரு புள்ளியும், ஒன்றில் இரண்டும், ஒன்றில் மூன்றும் குழித்திருக்கும். நான்காவது பட்டை வெறுமையாக இருக்கும். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விடும்பொழுது மேலே தெரிகிற புள்ளிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றில் வெறுமையும் மற்றொன்றில் ஒற்றைப் புள்ளியும் விழுந்தால் அது தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் என்று தள்ளிவிடாமல் பன்னிரண்டு என்று கொள்ளுவது வழக்கம். தாயம் விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்கலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கில் எது விழுந்தாலும் மறுபடியும் உருட்டலாம். சிற்சில விதிகள் ஊருக்கு ஊர் மாறுவதுண்டு. ஆனால் தாயத்துக்காகக் காத்திருக்கும் ஏக்கம் மட்டும் எல்லா ஊருக்கும் பொதுவானது.

நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இருவர் இருவராகச் சேர்த்து இருபது ஜோடிகளாக உட்கார வைத்து, ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரு செட் தாயக்கட்டையைக் கொடுத்து விடலாம். அத்தனை கட்டைகள் கிடைக்காவிட்டால், நான்கு பட்டையாகச் செதுக்கிய மரக்குச்சிகளில் மையால் புள்ளி வைத்துக்கொண்டாலும் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய ஏழு எண்களில் எது மிகுதியாக விழும், எது அபூர்வமாக விழும், நாற்பது தடவையில் தாயம் எத்தனை தடவை விழும் என்ற மூன்று கேள்விகளுக்கும் உரிய ஊகத்தை ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்த பிறகே கட்டையைத் தொட அனுமதிக்க வேண்டும். ஏழு எண்கள் இருப்பதனால் ஒவ்வொன்றும் ஏழில் ஒரு பங்கு விழும் என்று சிலர் எழுதுவார்கள். பாட்டியோடு உட்கார்ந்து ஆடிப் பழகிய பிள்ளைகளோ தாயமும் பன்னிரண்டும் லேசில் விழாது என்று எழுதுவார்கள். அவரவர் ஊகத்தைப் பற்றி இப்பொழுது ஆசிரியர் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. இந்த மௌனத்தைக் காப்பதுதான் பாடம் முழுவதிலும் ஆசிரியருக்கு மிகக் கஷ்டமான காரியம். அதுவே மிக முக்கியமான காரியமும் ஆகும்.

ஒவ்வொரு ஜோடியும் நாற்பது தடவை உருட்டி, விழுந்த எண்களை விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொண்ட பிறகு, இருபது ஜோடிகளின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் சேர்த்தால் 800 உருட்டல்கள் தேறும். மூன்று என்ற எண் எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்பதும், ஆறும் பன்னிரண்டும் அடியில் கிடப்பதும் அப்பொழுது பளிச்சென்று தெரியும். ஏன் என்ற கேள்வி வகுப்பிலிருந்தே எழும். அந்தக் கேள்வி எழுந்த பின்புதான் ஆசிரியர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, பக்கவாட்டில் நான்கும் நெட்டுவாட்டில் நான்குமாகப் பதினாறு கட்டங்களை வரைந்து, ஒரு கட்டையின் நான்கு பட்டைகள் மற்றதன் நான்கு பட்டைகளோடு எத்தனை விதமாகச் சேரும் என்பதைக் காட்ட வேண்டும். மூன்று விழுவதற்கு வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும் என நான்கு வழிகள் உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றே. ஆகவே 800 உருட்டல்களில் மூன்று சுமார் 200 தடவையும், இரண்டும் நான்கும் சுமார் 150 தடவையும், தாயமும் ஐந்தும் சுமார் 100 தடவையும், ஆறும் பன்னிரண்டும் சுமார் 50 தடவையும் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டிய ஓர் அழகு இருக்கிறது. மறுபடி உருட்டும் சலுகை பெற்ற எண்கள் எவை? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. ஏழு எண்களில் மிகக் குறைவாக விழுகிற நான்கு எண்களும் சரியாக இவையேதாம். எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட எண்கள் சலுகை பெற்றிருப்பதுபோல் தோன்றினாலும், பதினாறு வழிகளில் அவை நான்கும் சேர்ந்து ஆறு வழிகளையே பெறுகின்றன. மற்ற மூன்று எண்கள் பத்து வழிகளை எடுத்துக்கொள்கின்றன. இந்த விதியை வகுத்தவர் யார் என்பதும், பதினாறு கட்டம் போட்டுப் பார்த்தாரா என்பதும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் திண்ணைகளிலும் கூடங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள் எது அரிதாக விழுகிறது என்பதை நன்றாகக் கண்டுகொண்டு, அரிதானதற்கே வெகுமதி அளித்திருக்கிறார்கள் என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. பாட்டி விளையாடிய விளையாட்டுக்குள் இத்தனை நுட்பமான ஒரு சமன்பாடு அடங்கியிருக்கிறது என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் தானே எண்ணிக் கண்டுபிடிக்கும்பொழுது அவள் அடைகிற ஆனந்தத்துக்கு ஈடாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜோடிவாரியான கணக்கைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. நாற்பது உருட்டலுக்குத் தாயம் சராசரியாக ஐந்து தடவை விழ வேண்டும்; ஆனால் ஒரு ஜோடிக்கு இரண்டே தடவையும், இன்னொரு ஜோடிக்கு எட்டு அல்லது ஒன்பது தடவையும் விழுந்திருப்பது மிகவும் சகஜம். எங்கள் கணக்கு தப்பா என்று அந்த ஜோடிகள் கவலைப்படுவார்கள். தப்பு ஒன்றும் இல்லை. சிறு எண்ணிக்கையின் சுபாவமே அதுதான். மொத்தம் 800-ஐ எடுத்துக்கொண்டால் தாயத்தின் எண்ணிக்கை 80-க்கும் 120-க்கும் வெளியே போவது அரிது. அதாவது ஜோடி அளவில் பாதியாகவும் இரு மடங்காகவும் ஆடிக்கொண்டிருந்தது, வகுப்பு அளவில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றத் தாழ்வுக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் நிலைபெறும் என்ற இந்தத் தத்துவத்தை முதன்முதலில் நிரூபித்துக் காட்டியவர் ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் நகரத்தைச் சேர்ந்த ஜேக்கப் பெர்னூலி. அவர் காலமாகி எட்டு வருஷங்களுக்குப் பிறகு, 1713-இல், அந்த நிரூபணம் அடங்கிய நூல் வெளியாயிற்று. அந்த மேதை நெடுங்காலம் சிந்தித்துக் கண்ட ஓர் உண்மையின் சாயையை, நாற்பது பிள்ளைகள் கூடி இரண்டு பீரியடுக்குள் தங்கள் கரும்பலகையில் காண முடிகிறது. இரண்டு பீரியடுக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். ஆனால் பிறகு ஐந்து பீரியடில் போட வேண்டிய கணக்குகள் இந்த இரண்டினால் மிகவும் இலகுவாகிவிடும் என்பதை யோசிக்க வேண்டும்.

விழுந்த எண்களை விழுந்த வரிசையிலேயே எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. முதற்பத்தியில் கண்ட மாணவனின் நம்பிக்கையைச் சோதிக்க அந்த வரிசை வேண்டும். தாயம் விழாமல் தொடர்ந்து ஐந்து உருட்டல்கள் கழிந்த இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து, அந்த ஒவ்வோர் இடத்துக்கும் அடுத்த உருட்டலில் என்ன விழுந்தது என்று பார்க்கும்படி சொல்லுங்கள். வகுப்பு முழுவதிலும் அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 360 தேறும். நெடுநேரமாக விழவில்லை, ஆகவே இப்பொழுது விழ வேண்டும் என்ற எண்ணம் மெய்யாக இருக்குமானால் அவ்விடங்களில் தாயம் மிகுந்து காணப்பட வேண்டும். பார்த்தால், வழக்கம்போல எட்டில் ஒரு பங்கு, சுமார் 45 இடங்களில்தான் தாயம் இருக்கும். கட்டைக்கு ஞாபகம் கிடையாது என்று ஆசிரியர் நூறு தடவை சொல்வதைவிட, தன் கையால் எழுதிய தாளில் தானே எண்ணிப் பார்த்த இந்த ஒரு கணக்கு வலிமையுள்ளது. எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பதனால் எட்டாவது உருட்டலுக்குள் கட்டாயம் விழும் என்று நினைப்பதும் தவறே; எட்டு உருட்டிலும் தாயமே காணாதவர்கள் மூவரில் ஒருவர் இருப்பார்கள், பதினாறு உருட்டியும் காணாதவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர் காயெல்லாம் கட்டத்தைச் சுற்றி முடித்துப் பழமாகிற நேரத்திலும் ஒரு காய்கூட இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் துக்கத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. அவன் பேரில் யாருடைய சாபமும் இல்லை என்பதை அவனே எண்ணி அறிந்துகொள்வான்.

அப்படியானால் சராசரி எப்படி நிலைபெறுகிறது, பின்னால் வருவது முன்னால் வந்ததை ஈடு செய்வதில்லையா என்று கூர்மையான ஒரு மாணவி கேட்கக்கூடும். அவளுக்கு விடையாக ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியரின் சரித்திரத்தைச் சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது டென்மார்க்கில் அகப்பட்டுக்கொண்டு அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், பொழுதை வீணாக்காமல் ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டிப் பார்த்தார். முதல் 100 தடவையில் தலை விழுந்தது 44. பாதியிலிருந்து ஆறு குறைவு. 10,000 தடவையின் முடிவில் தலை 5,067. பாதியைவிட 67 அதிகம். வித்தியாசம் ஆறிலிருந்து 67 ஆக வளர்ந்திருக்கிறது. ஆனால் விகிதமோ 44 சதவீதத்திலிருந்து 50.67 சதவீதமாகி, பாதியை நெருங்கி வந்திருக்கிறது. முந்திய குறைவை எந்த நாணயமும் ஈடு செய்ய முனைவதில்லை. பெரிய எண்ணிக்கையால் வகுக்கும்பொழுது அந்தக் குறைவு கரைந்துபோகிறது, அவ்வளவுதான். இந்த நுட்பம் பட்டதாரிகளிலும் பலருக்குத் தெளிவாகாத விஷயம் என்பதனால் இதற்குச் செலவிடும் நேரத்தை யாரும் நஷ்டம் என்று எண்ண வேண்டியதில்லை.

தாயத்திற்கு அடுத்தபடியாக இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒருங்கே சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்று விதந்தானே உண்டு, ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு என்று வகுப்பில் பெரும்பாலோர் சொல்லுவார்கள். இவ்விஷயத்தில் அவர்களுக்கு ஒரு பெரிய மனிதரின் துணை இருக்கிறது. பிரான்சு தேசத்தின் தலைசிறந்த கணித விற்பன்னர்களில் ஒருவரான தாலம்பேர், அந்நாட்டின் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்தில் 1754-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழுவதற்குரிய வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, இல்லையேல் இரண்டாவதில் தலை அல்லது பூ. ஆக மூன்று நிலைமைகள், அவற்றில் இரண்டு சாதகம் என்பது அவருடைய யுக்தி. மூன்று நிலைமைகளும் சம வாய்ப்புள்ளவை அல்ல என்பதை அவர் கவனிக்கவில்லை. சரியான விடை நான்கில் மூன்று. வகுப்பில் இதைத் தெளிவுபடுத்த ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது: ஒரே மாதிரி இரண்டு நாணயங்களுக்குப் பதில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் சுண்டச் சொன்னால், ஒன்று தலை ஒன்று பூ என்பதற்குள் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். மூன்று பகடைகளை உருட்டினால் ஒன்பதைவிடப் பத்துச் சற்று மிகுதியாக விழுவது ஏன் என்று கலிலியோவிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் சொன்ன விடையும் இந்த ரகசியத்தைச் சேர்ந்ததே. 216 வழிகளில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27 என்று அவர் எண்ணிக் காட்டினார்.

எது நியாயமான ஆட்டம் என்ற கேள்வி பிள்ளைகளின் மனசை மிகவும் கவரும். ஏனெனில் அந்த வயதில் நியாய அநியாயத்தைப் பற்றிய அவர்களுடைய உணர்ச்சி மிகக் கூர்மையானது. தாயக்கட்டை இரண்டையும் உருட்டி, புள்ளிகளைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தில் வெறுமைக்குப் பூஜ்யம் என்றே மதிப்பு. வித்தியாசம் ஒன்று அல்லது இரண்டாக வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவளுக்குப் புள்ளி, பூஜ்யம் அல்லது மூன்றாக வந்தால் இடப்பக்கத்தில் இருப்பவளுக்குப் புள்ளி. ஆளுக்கு இரண்டு எண்கள். பார்வைக்குப் பரம நியாயமாகத் தோன்றும். இருபது தடவை ஆடிய பிறகு, இடப்பக்கத்துப் பெண்களில் பலரும் முகத்தைச் சுளிக்கத் தொடங்குவார்கள். மறுபடி அந்தப் பதினாறு கட்டங்களை வரைந்து எண்ணினால், வலப்பக்கத்துக்குப் பத்தும் இடப்பக்கத்துக்கு ஆறும் இருப்பது வெளியாகும். விதியை எப்படித் திருத்தினால் ஆட்டம் நியாயமாகும் என்று இப்பொழுது கேட்க வேண்டும். சிலர் எண்களை மாற்றிப் பங்கிடுவார்கள். சிலர், எண்களை அப்படியே விட்டுவிட்டு, வலப்பக்கம் வெல்லும்பொழுது மூன்று புளியங்கொட்டையும் இடப்பக்கம் வெல்லும்பொழுது ஐந்து புளியங்கொட்டையும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கண்டுபிடிப்பார்கள். பத்தை மூன்றால் பெருக்கினாலும் முப்பது, ஆறை ஐந்தால் பெருக்கினாலும் முப்பது. எதிர்பார்ப்பு மதிப்பு என்று மேல்வகுப்பில் அவர்கள் படிக்கப்போகும் கருத்து இதுதான். பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணயத்தை இருவருக்கும் எப்படிப் பங்கிடுவது நியாயம் என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இந்தச் சாஸ்திரம் வளர்ந்தது. நியாயத்தைப் பற்றிய கேள்வியே அதன் பிறப்பிடம்.

பள்ளிக்கூடத்துக்குள் சூதாட்டத்தைக் கொண்டுவரலாமா என்று பெற்றோர்கள் ஆட்சேபிக்கலாம். திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்த விஷயம். தருமபுத்திரரும் நளனும் நாடிழந்து காடு புகுந்ததற்குக் காரணமான விஷயம். ஆகையால் அந்த ஆட்சேபத்தை நான் மரியாதையோடு ஏற்றுப் பதில் சொல்ல விரும்புகிறேன். மகாபாரதத்தில் நளனுடைய கதையை முழுவதும் நினைத்துப் பாருங்கள். சூதில் அனைத்தையும் இழந்த அவன், ரிதுபர்ண ராஜனுக்குத் தேரோட்டியாக இருந்த சமயத்தில், வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட ராஜன், அதன் கிளைகளில் இலையும் காயும் எத்தனை என்று ஒரு நோக்கில் மதிப்பிட்டுச் சொல்ல, நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்துச் சரியாக இருக்கக் கண்டு வியக்கிறான். கணக்கின் நுட்பமும் சூதின் மர்மமும் சேர்ந்த அந்த வித்தையை, தன் அசுவ வித்தைக்குப் பரிமாற்றமாக நளன் கற்றுக்கொண்ட பிறகுதான், அவனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு நீங்குகிறான். அறியாமல் ஆடியபொழுது கெட்டவனை, அறிந்துகொண்ட கணக்கே மீட்டது என்பது அந்தக் கதையின் போக்கு. முழுவதையும் எண்ணாமலே மதிப்பிடும் அந்த வித்தையே, 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் பயிரைச் சில வயல்களைக் கொண்டு மதிப்பிட்டபொழுது நம் காலத்து விஞ்ஞானமாக வடிவெடுத்தது.

மேலும், பணத்தை வைத்து ஆடுகிறவன் தோல்வியை மறந்து வெற்றியை மட்டும் நினைவில் வைக்கிறான். எண்ணிக்கை எழுதிக்கொண்டு ஆடுகிற மாணவனால் அப்படி மறக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. இருந்தும் மூன்று நம்பர் லாட்டரி என்ற பெயரில் கள்ளத்தனமாக நடைபெறும் வியாபாரத்தில் கூலித் தொழிலாளர்கள் அன்றாடச் சம்பாத்தியத்தை இழப்பதைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வகுப்பில் இதை ஒரு கணக்காகப் போடலாம். சீட்டு விலை 10 ரூபாய், மூன்று எண்களும் பொருந்தினால் பரிசு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொருந்தும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆகவே சீட்டு ஒன்றுக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 5 ரூபாய், போவது 5 ரூபாய். நாள்தோறும் ஒரு சீட்டு வாங்குகிறவர் வருஷத்துக்கு 3,650 ரூபாய் செலவழிக்கிறார். அப்படி வாங்குகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு வருஷம் முழுவதும் ஒரு தடவைகூடப் பரிசு விழாது. தாயத்துக்காகக் காத்திருந்து கணக்கெடுத்த பிள்ளைக்கு இந்த எண்கள் வெறும் உபதேசமாகத் தோன்றமாட்டா; தன் தகப்பனாரிடம் கணக்கைப் போட்டுக் காட்டும் தைரியமும் அவனுக்கு உண்டாகலாம்.

கடைசியாக, எண்ணிக் கணக்கிட முடியாத ஒரு பொருளையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லுவேன். தாயக்கட்டையில் நான்கு பட்டைகளும் சமம் என்று நாம் எடுத்துக்கொண்டது ஓர் அனுமானமே. 1894-இல் இங்கிலாந்தில் வெல்டன் என்ற அறிஞர் பன்னிரண்டு பகடைகளை 26,306 தடவை உருட்டி எழுதிய கணக்கில், ஐந்தும் ஆறும் சேர்ந்து விழ வேண்டிய மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதியாக, 33.77 சதவீதம் விழுந்திருந்தன. புள்ளிகளைக் குழித்ததனால் அந்தப் பக்கங்கள் இலேசாகிவிட்டமையே காரணமாக இருக்கலாம் என்பார்கள். நம் தாயக்கட்டையிலும் புள்ளிகள் குழிக்கப்பட்டவைதான்; அதிலும் பாட்டி காலத்துக் கட்டை பட்டை தேய்ந்து போயிருக்கும். சோழியின் நிலைமையோ இன்னும் தெளிவு: அதன் வாய்ப்பக்கமும் முதுகும் எவ்விதத்திலும் சமமல்ல, எனவே அது மல்லாந்து விழும் நிகழ்தகவு என்ன என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது, ஆசிரியருக்கும் தெரியாது. பட்டறி நிகழ்தகவு என்று ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டொரு பக்கங்களில் வந்துபோகிற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. ஆறு சோழிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் மையால் ஓர் எண்ணை எழுதி, ஒவ்வொன்றையும் நூறு நூறு தடவை போட்டு, மல்லாந்த எண்ணிக்கையைத் தனித்தனியே ஒரு கெட்டி அட்டை நோட்டில் பதிவு செய்யட்டும். அந்தச் சோழிகளையும் நோட்டையும் வகுப்பு அலமாரியிலேயே வைத்திருந்து, அடுத்த ஆண்டு வருகிற பிள்ளைகள் முதலில் தங்கள் ஊகத்தை எழுதிவிட்டு, மேலும் நூறு தடவை போட்டு, பழைய எண்ணிக்கையோடு சேர்த்துக்கொள்ளலாம்.